அடிச்சட்டத்தின் மேல் பாடி இறக்கியதும் கதவு மூட மாட்டேன் என்கிறதா? காரைக்குடி டிங்கர் பட்டறையிலிருந்து பதில்கள்

தேவகோட்டைத் தம்பி: அண்ணே, ஐயா காலத்து ஆஸ்டின் ஏ40 கார். சேஸிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, பெயிண்ட் அடித்து, பாடியை அதன்மேல் இறக்கி எல்லா போல்ட்டையும் முறுக்கிவிட்டேன். முன்கதவு மேலே உரசுகிறது, கீழே விரல் நுழைகிறது. கீலை வளைக்கலாமா?

கீலைத் தொடாதீர்கள் தம்பி. மேலே முட்டிக் கீழே வாய் பிளந்தால், பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் சென்னையில் பூட்டிய வண்டி அது, தனிச் சேஸிஸ். அதனால் வழி இருக்கிறது. போல்ட் எல்லாவற்றையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். கதவுக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கியால் லேசாகத் தூக்கி, பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையே போல்ட் இடங்களில் இருக்கும் ரப்பர்களில், நடு ரப்பரில் ஒரு மெல்லிய தகடு செருகுங்கள். இறக்கி, கதவை மூடிப் பாருங்கள். போதவில்லையா, இன்னொன்று. மேலே அகலமாக இருந்தால் நடுவை விட்டு முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். நான்கு கதவும் இடைவெளி ஒத்து வந்த பிறகுதான் முறுக்கு. இதெல்லாம் பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்பே. ஒருமுறை அவசரப்பட்டுப் பளபளவென்று அடித்த கதவு ஓரத்தை நானே பெயர்த்திருக்கிறேன்.

கானாடுகாத்தான்: சேஸிஸே கோணலா என்று எப்படித் தெரியும்? வீட்டு முற்றத்தில் பார்க்கலாமா?

போல்ட் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். குறுக்காக மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். முற்றம் மட்டும் வேண்டாம். மழைத்தண்ணீர் ஓட வாட்டம் வைத்துக் கட்டியது; ஸ்டாண்டில் நிற்கும் சேஸிஸ் முறுக்கிக்கொண்டு நிற்கும், நீங்கள் அதையே நேர் என்று நினைப்பீர்கள். முகப்பிலும் ஏற்றாதீர்கள், ஆத்தங்குடிக் கல் உடைந்தால் ஆச்சியிடம் நான் பதில் சொல்ல முடியாது. ஷெட்டில் ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள்.

புதுவயல்: ரப்பருக்குப் பதில் லாரி டயரை வெட்டிப் போடலாமா?

பலர் போடுகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கனம், ஒவ்வொரு விதமாக அமுங்கும். ஆறு மாதத்தில் கதவு மறுபடி உரசும்.

பள்ளத்தூர்: எங்கள் அம்பாசடருக்கும் இதே தகடு வித்தைதானா?

இல்லை. அதில் தனிச் சேஸிஸே கிடையாது, தளமும் பாடியும் ஒன்றாக வெல்டு செய்தவை. அதற்குக் கீல்தான், அப்புறம் சுத்தியல்.

கோட்டையூர்: ஜீப் பாடியை மாட்டியபின் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது.

புது ரப்பர் பாடியைச் சேஸிஸிலிருந்து பிரித்துவிட்டது. பாடியையும் சேஸிஸையும் மின்சாரத்துக்காக இணைக்கும் எர்த் வயரை மறந்திருப்பீர்கள். பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரிகிற இடத்தில் மாட்டுங்கள்.