‘ஐ5’ என்றால் எத்தனையாவது தலைமுறை? – கணினி கேள்வி பதில்

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். வேலரன்ட், ஜிடிஏ 5 போன்ற விளையாட்டுகளை ஆடக் கணினி கேட்கிறான்; கல்லூரிப் பாடத்துக்கும் அதுவே உதவ வேண்டும். நாங்கள் தறி ஓட்டுகிறவர்கள், 35,000 ரூபாய்க்கு மேல் முடியாது. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் ‘ஐ5, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, புதிது’ என்று 27,000 ரூபாய் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், அலுவலகத்தில் ஓடிய பழைய டெல் கணினியில் கார்டு போட்டுத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்குவது?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: ‘ஐ5’ என்பது கணினியின் மூளையான இன்டெல் சிப்பின் பெயர். முன்பணம் கொடுக்கும் முன் அந்தக் கடையில் அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 3470 என்றால் அது 2012இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறைச் சிப். 8500 என்றால் எட்டாம் தலைமுறை. 12400 என்று ஐந்து இலக்கமாக இருந்தால் பன்னிரண்டாம் தலைமுறை. மூன்றுக்கும் பெயர் ஐ5தான் என்றாலும் வேகத்தில் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. மூன்றாம் தலைமுறைச் சிப்பையும் அதற்கேற்ற எச்61 என்னும் பழைய மதர்போர்டையும் (சிப்பைப் பொருத்தும் பலகை) வண்ண விளக்கு எரியும் புதுக் கேபினெட்டுக்குள் பொருத்திப் ‘புதிது’ என்று விற்பது பல ஊர்களில் நடக்கிறது. எண்ணைச் சொல்லத் தயங்கினாலோ, பில்லில் எழுதித் தர மறுத்தாலோ அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

இதில் வேகத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது, இன்டெல் சிப்களில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும் என்பதால், குறுக்கு வழியில் பழைய சிப்பில் விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுத்தாலும் உங்கள் மகன் கேட்ட விளையாட்டே திறக்காமல் போகலாம்.

‘4 ஜிபி கார்டு’ என்பதும் அரைகுறைத் தகவல்தான். 2014இல் வந்த ஜிடி 730 என்னும் கார்டிலும் 4 ஜிபி உண்டு, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டிலும் 4 ஜிபி உண்டு. முதலாவதில் ஜிடிஏ 5 திணறும். இரண்டாவதில் முழு எச்டி திரையில் சீராக ஓடும். ஆகவே கார்டின் பெயரைக் கேளுங்கள், ஜிபியைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

உங்கள் பட்ஜெட்டுக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன். ஆனால் அந்த டெல் கணினி எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோவாக இருக்க வேண்டும். அலுவலகக் கணினிகளில் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் சிறியது, ஒல்லியான மாடல்களில் சுமார் 200 வாட்தான் இருக்கும்; கார்டுக்கென்று தனி மின்வயரும் அதில் இருக்காது. மதர்போர்டின் ஸ்லாட் வழியாகவே கிடைக்கும் 75 வாட்டில் ஓடுகிற கார்டுதான் அதற்குச் சரி. ஜிடிஎக்ஸ் 1650இல் தனி வயர் கேட்கும் மாடலும் உண்டு, கேட்காத மாடலும் உண்டு. கேட்காததாகப் பார்த்து வாங்குங்கள். ஒல்லிக் கேபினெட் என்றால் அரை உயரக் கார்டுதான் நுழையும். புத்தக அளவில் இருக்கும் மிகச் சிறிய மாடலில் எந்தக் கார்டும் நுழையாது. கொஞ்சம் இடத்தை அடைத்தாலும் டவர் மாடலே நல்லது. ராம் 16 ஜிபியை ஒரே பட்டையாகப் போடாமல் 8 ஜிபி பட்டைகள் இரண்டாகப் போடச் சொல்லுங்கள், சேமிப்புக்கு வேகமான எஸ்எஸ்டி கட்டாயம்.

பழைய கார்டை மேசைமேல் வைத்துப் பார்த்து வாங்கக் கூடாது. எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளை ஓட்டிச் சம்பாதிக்கும் முறை 2022 செப்டம்பரில் மாறியபோது, அதுவரை அதற்காக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த ஏராளமான கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அவற்றில் விசிறி தேய்ந்தவை உண்டு. பழைய சிப்பில் வேறு பெயரைப் பதித்து விற்கும் போலிகளும் உண்டு. கணினியில் பொருத்தி, ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். போலி கார்டுகள் பலவற்றை அதுவே போலி என்று காட்டிவிடும். பிறகு மகனை உட்கார வைத்து அரை மணி நேரம் ஜிடிஏ ஆடச் சொல்லி, திரையில் கோடு விழுகிறதா, விசிறி கரகரக்கிறதா என்று கவனியுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

தறி வீடு என்பதால் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசு, சிப்பின் மேலுள்ள விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் கம்பளிபோலப் படிந்து காற்றை அடைத்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் அப்படி அடைபட்ட கணினி, ஆடிக்கொண்டிருக்கும்போதே சூடேறி அணைந்துபோகும். தறிக்கூடத்தோடு ஒட்டாத அறையில், தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். மாதம் ஒருமுறை பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசை ஊதியெடுங்கள். மோட்டார் ஓடும் லைனில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதால், 35,000க்குள் ஒரு யுபிஎஸ்ஸுக்கும் மானிட்டருக்கும் இப்போதே பணம் ஒதுக்கிவிடுங்கள். கடைக்காரர் சொன்ன 27,000இல் மானிட்டர் சேர்த்தியா என்பதை நீங்கள் எழுதவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கேமிங் லேப்டாப் வாங்கலாமா? மழைக்காலத்தில் இங்கே அடிக்கடி மின்சாரம் போகிறது.
– வாசகி, ஏற்காடு

பதில்: வாங்கலாம், ஆனால் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பைப் பின்னால் மாற்ற முடியாது என்பதால் இன்றைக்குப் போதுமானதா என்று மட்டும் பார்க்காதீர்கள். விண்டோஸே தரும் பேட்டரி அறிக்கையில் புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போதைய முழு சார்ஜும் இருக்கும். பாதிக்கும் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். பேட்டரியில் ஆடும்போது வேகம் குறையும், அது பழுதல்ல. மலையில் ஈரப்பதம் அதிகம். நாள்கணக்கில் மூடிவைக்காமல் அவ்வப்போது சிறிது நேரம் ஓடவிடுங்கள். இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரை மட்டுமல்ல, இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள்.