ஒரு சாண் நீளமில்லாத ரிமோட் கார்ப் பந்தயத்தில் அப்படி என்ன ஈர்ப்பு?

உண்மையான காரின் 1/28 அளவிலான சிறிய ரிமோட் கார்களைப் பெரியவர்களும் விரும்பி ஓட்டுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். முதற்காரணம் இடம். 1999இல் ஜப்பானின் கியோஷோ நிறுவனம் அறிமுகப்படுத்திய மினி-இசட் போன்ற கார்கள் ஒரு சாண் நீளம்கூட இல்லாதவை என்பதால், மட்டக்களப்பின் கல்லடியில் வெளியே மணலும் மார்கழி மழையுமாக இருக்கும்போதும் வீட்டு விறாந்தையின் சீமெந்துத் தரையிலேயே பந்தயம் வைத்துவிடலாம். நான்கு ட்ரிப்பிள் ஏ பற்றரிகள் போதும். எடை குறைவு என்பதால் சுவரில் மோதினாலும் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆனால் உண்மையான சுவை, என் கணிப்பில், நுணுக்கத்தில்தான் இருக்கிறது. பின் டயரின் றப்பர் சற்றுக் கடினமாக இருந்தாலே, வளைவில் பிடிப்பு விட்டுக் கார் பம்பரமாகச் சுழன்றுவிடும். எல்லாருக்கும் ஒரேவகை மோட்டர் என்று விதி வைத்துவிட்டால், டயரைச் சரியாகத் தெரிவுசெய்தவரும், சில்லின் அச்சில் சுற்றிய தலைமுடியைச் சாமணத்தால் பொறுமையாக இழுத்தெடுத்தவருமே முந்துவார்கள்.