குங்குமப்பூ ஊரின் போலீஸ்

கேள்வி: 1829-இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் போலீஸ் சட்டம் கொண்டுவந்த நாளிலிருந்தே இங்கிலாந்தில் சின்னஞ்சிறு ஊரில்கூட ஒழுக்கமான, திறமையான போலீஸ் இருந்ததாக என் நண்பர் அடித்துச் சொல்கிறார். நாம் எப்போது அப்படி ஆவோம்?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: 1829 சட்டம் லண்டனுக்கு மட்டும்தான். உங்கள் நண்பர் தலைநகரைப் பார்த்துவிட்டு நாட்டையே பார்த்ததாக நினைத்துக்கொண்டார். அந்த லண்டனிலும் ஒழுக்கம் எப்படி? பட்டியலில் முதல் எண் பெற்ற கான்ஸ்டபிள், வேலையில் சேர்ந்த அன்றே குடித்திருந்ததற்காக விரட்டப்பட்டார்.

சிறு ஊர்களில் காவல் என்பது முறை வைத்துச் சுமக்கும் தொல்லை. ஊர்க்காரர் ஒருவர் ஓராண்டுக்குக் கான்ஸ்டபிள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பகலெல்லாம் செருப்புத் தைத்தவர் இரவில் திருடனைத் துரத்த வேண்டும். வசதியுள்ளவர் காசு கொடுத்து வேறு ஆளை அனுப்பிவிட்டுத் தூங்கினார்.

1835-இல் வந்த நகராட்சிச் சட்டம், ஒவ்வொரு நகராட்சியும் காவல் குழு அமைத்துச் சம்பளப் போலீஸ் வைக்க வேண்டும் என்றது. குழுவில் உட்கார்ந்தவர்களோ வரி கட்டும் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள். கூடுதலாக ஒரு கான்ஸ்டபிள் என்றால் கூடுதல் வரி. அவர்கள் கை எப்படி நீளும்?

எசெக்ஸ் மாவட்டத்தில் சாஃப்ரன் வால்டன் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் குங்குமப்பூ பயிரிட்டதால் வந்த பெயர். அங்கும் தனிப் போலீஸ் இருந்தது. ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதன் தலைவர் வில்லியம் கேம்ப்ளிங். சீஃப் கான்ஸ்டபிள் என்ற பட்டம்தான் பெரிது. 1849-இல் ஓர் இரவு வீடு திரும்பியவரை யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டுகள் காலில் பாய்ந்தன. சில நாள் கிடந்து இறந்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் மீது வழக்கு நடந்தது. தீர்ப்பு: விடுதலை. ஊர் போலீஸின் தலைவரையே கொன்றவருக்குத் தண்டனை வாங்கித்தர முடியவில்லை. நண்பர் சொல்லும் திறமை இதுதானா?

கடைசியில் வேலை செய்தது பணம்தான். 1856 சட்டப்படி அரசு ஆய்வாளர் வந்து பார்ப்பார். படை தேறினால் சம்பளத்திலும் சீருடைச் செலவிலும் கால் பங்கை அரசு தரும். ஐயாயிரம் பேருக்கும் குறைவான ஊர் தனிப்படை வைத்துக்கொண்டால் சல்லிக்காசு கிடையாது. மறு ஆண்டே சாஃப்ரன் வால்டன் தன் போலீஸை மாவட்டப் படையோடு சேர்த்துவிட்டது. அதே மாவட்டத்து மால்டன் ஊரோ விடாப்பிடியாகத் தனிப்படை நடத்தியது. பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்குத் தனிப் போலீஸ் கூடாது என்று 1888-இல் சட்டம் போட்டுத்தான் அதை 1889-இல் பிடுங்கினார்கள்.

‘அப்படி ஆவோம்’ என்கிறீர்களே, எப்படி? எந்த ஊர், எந்த ஆண்டு என்று நண்பரிடம் கேட்டு எழுதுங்கள்.