பல்கலைக்கழக ஆராய்ச்சியைச் சிரிக்கச் சிரிக்கப் பாட்காஸ்ட்டில் சொன்னால் அதன் மதிப்பு குறைந்துவிடாதா?

குறையாது என்பதுதான் பல வருடமாக இவற்றைக் கேட்டுவருகிற என் கட்சி. ஆனால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் மைக் முன்னால் உட்கார்ந்து ஒருவரையொருவர் கலாய்த்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து "சரி, விஷயத்துக்கு வருவோம்" என்றால் நான் அங்கேயே அணைத்துவிடுவேன். ஆய்வகத்தில் நடக்கும் கூத்துக்கே சிரிப்பு வரும். அதை அப்படியே சொன்னால் போதும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜாட்காஸ்ட். இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் இருக்கும் ஜாட்ரல் பேங்க், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரேடியோ வானாய்வகம். 76 மீட்டர் அகலக் கிண்ணம் கொண்ட லவல் தொலைநோக்கி 1957 முதல் அங்கேதான் நிற்கிறது. அங்கே வேலை பார்த்த வானியல்காரர்களே 2006 ஜனவரியில் இந்த பாட்காஸ்ட்டை ஆரம்பித்தார்கள். வானியல் செய்தி, ஒரு பேட்டி, இந்த மாதம் வானத்தில் என்ன தெரியும், நேயர் கேள்விக்குப் பதில், இடையிடையே அசட்டு ஜோக்குகள். பேசுகிறவர்களில் நிறையப் பேர் முனைவர் பட்ட மாணவர்கள். அதுதான் பெரிய பலம் என்பேன். விஷயம் அவர்களுக்கே சமீபத்தில்தான் பிடிபட்டிருக்கும், எந்த இடத்தில் தலை சுற்றியது என்பது மறந்திருக்காது. அதே துறையில் ஊறிப்போன பேராசிரியருக்கு அந்த இடமே கண்ணில் படாது.

கூத்து என்றேனே, ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் வருடக்கணக்காக ஒரு விசித்திர ரேடியோ துடிப்பு பதிவாகிக்கொண்டிருந்தது. பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். அது வந்ததெல்லாம் வேலை நேரத்தில், அதிலும் மதியச் சாப்பாட்டு வேளையை ஒட்டி நிறைய. 2015இல் ஆளைப் பிடித்தார்கள்: வளாகத்திலிருந்த மைக்ரோவேவ் அடுப்பு! நேரம் முடிவதற்குள் யாரோ பொறுமையில்லாமல் கதவைத் திறந்தால், அடுப்புக்குள் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் அணைகிற அந்தக் கணத்தில் அலை வெளியே கசிகிறது. தொலைநோக்கியும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் தீர்ந்தது.

யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். பதில் கனமானது. 2007இல் இதே தொலைநோக்கியின் பழைய பதிவுகளிலிருந்து முதல் வேக ரேடியோ வெடிப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள்; விண்வெளியில் வெகுதூரத்திலிருந்து கண நேரம் மட்டும் வந்து மறையும் பலத்த ரேடியோ துடிப்பு அது. வெகுதூரத்திலிருந்து வரும் ரேடியோ அலை வழியிலுள்ள எலக்ட்ரான்களுக்குள் புகுந்து வருவதால் அதன் குறைந்த அதிர்வெண்கள் சற்றுப் பிந்தி வந்து சேரும். பெரிட்டானும் ஏறக்குறைய அதே ஜாடையில் இருந்ததால், அந்த வெடிப்பும் பூமியிலிருந்து வந்த சத்தம்தானோ என்ற சந்தேகம் கிளம்பியது. அடுப்பு மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவைக்க முடிந்தது. இவ்வளவையும் வகுப்பில் நடத்தினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அடுப்பில் ஆரம்பித்தால் கடைசி வரை கேட்பார்கள்.

படம் காட்ட முடியாதே என்று சிலர் குறைப்படுவார்கள். ரேடியோ வானியலில் அது ஒரு குறையே இல்லை. பல்சார் என்பது வேகமாகச் சுழன்றபடி ரேடியோ அலை வீசும், இறந்த நட்சத்திரத்தின் மிச்சம்; அதிலிருந்து வரும் துடிப்பை ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் காதாலேயே கேட்கலாம். B0329+54 என்ற பல்சார் 0.7 விநாடிக்கு ஒருமுறை டொக், டொக் என்கிறது. வேலா என்ற பல்சார் விநாடிக்கு 11 முறை, கடகடவென்று. நண்டு நெபுலா என்ற வாயு மேகத்தில் இருப்பது சுமார் 30 முறை, மோட்டார் உறுமுவது மாதிரி. B1937+21 விநாடிக்கு 642 முறை சுழல்வதால், துடிப்புகள் தனித்தனியாகக் காதில் விழாமல் ஒரே சுருதியாகிவிடுகின்றன. ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எந்த வரைபடமும் இப்படி உறைக்க வைக்காது. (விண்வெளியில் சத்தம் கேட்கும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வருவது ரேடியோ அலை, சத்தமாக மாற்றுவது நாம்.)

அடைப்புக்குறிக்குள் நான் போட்ட மாதிரி ஒரு வரிதான், கலகலப்பாகப் பேசும்போது முதலில் விட்டுப்போவது. "இது இன்னும் உறுதியாகவில்லை", "இதை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார்கள்" போன்ற வரிகள் ஜோக்கின் வேகத்தைக் கெடுக்கும், அதனால் எடிட்டிங்கில் வெட்டுவார்கள். நான் கேட்டவரை தரம் கெட்டதெல்லாம் அங்கேதான், சிரித்ததால் இல்லை. நீங்களே தொடங்குவதாக இருந்தால், எடிட் செய்த ஒலிப்பதிவைப் பேட்டி கொடுத்த ஆய்வாளருக்கு அனுப்பி ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். ஜோக்கில் அவர் கை வைக்கக் கூடாது, தகவலை மட்டும் திருத்தலாம் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.