தெருவுக்குத் தெரு சர்ஜிக்கல் கடை வருகிறதே, என்ன காரணம்? வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எந்தக் கருவிகளை வாங்கலாம்?

திருச்சியில் ஒரு சர்ஜிக்கல் கடையில் வேலை பார்க்கிறேன், அதனால் கடைக்குள்ளிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

முதல் காரணம் ஊரறிந்ததுதான், நம் மாநிலத்துக்கு வயசாகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான், 2031-ல் பதினெட்டைத் தாண்டும் என்று மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது, கேரளாவுக்கு அடுத்து நாம்தான். ஆனால் கட்டில் கேட்டு வரும் போன்களைக் கவனித்தால் இன்னொரு காரணமும் தெரியும். கூப்பிடுவது பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளை, கட்டில் இறங்க வேண்டியது ஸ்ரீரங்கத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீட்டில். முன்பு நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கி உட்கார வைத்த மனிதரை இப்போது எழுபது வயது அம்மா தனியாகச் சமாளிக்க வேண்டும், அதற்குத்தான் ஹேண்டிலைச் சுற்றினால் முதுகுப்பக்கம் எழும்புகிற கட்டிலும் கமோட் சேரும் இவ்வளவு போகின்றன.

அதனால் என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும், வீட்டில் அதை யார் இயக்கப் போகிறார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பிள்ளைகளில் பலருக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை.

பி.பி. மெஷின், சுகர் மெஷின் இரண்டையும் வாங்கி வைக்கலாம். சுகர் மெஷின் மலிவுதான், ஒவ்வொரு தடவையும் ரத்தச் சொட்டு வைத்துப் பார்க்கிற ஸ்ட்ரிப்பில்தான் காசெல்லாம் போகும், அதனால் ஸ்ட்ரிப் டப்பா விலையைக் கேட்டுவிட்டு மெஷினைத் தேர்ந்தெடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, பில்லை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பி.பி. மெஷினில் கையில் சுற்றும் பட்டை அளவுக்குப் பொருந்த வேண்டும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

கட்டிலை வாடகைக்கு எடுங்கள். எத்தனை மாதம் தேவைப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது, தேவை முடிந்தபின் அதை விற்பது பெரிய தலைவலி.

படுத்த படுக்கையானவருக்கு ஏர் பெட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கட்டிலின் கால்மாட்டில் மாட்டிய பம்பு ஓட ஓட ஒரு வரிசைக் குமிழ்கள் உப்பும், பக்கத்து வரிசை இறங்கும், சில நிமிடங்களில் அது மாறும். இடுப்பும் குதிகாலும் ஒரே இடத்தில் அழுந்திப் புண்ணாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இதன் மேல் கனத்த ஜமுக்காளம், அதன் மேல் ரப்பர் ஷீட் என்று அடுக்கிவிட்டு, இரைச்சல் தாங்கவில்லை என்று ராத்திரியில் பம்பையும் அணைத்துவிட்டு, புண் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு! ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள், எலும்பு கையில் இடித்தால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். அப்புறம், இது இருக்கிறதே என்று ஆளைப் புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடக் கூடாது.

கொரோனாவுக்குப் பிறகு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வீட்டுப் பொருளாகிவிட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிரித்து ஆக்சிஜனைத் தரும் மெஷின் இது, கரண்ட் போனால் நின்றுவிடும். நாள் முழுக்கத் தேவைப்படுபவர் என்றால் ஒரு சிலிண்டரும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். டாக்டர் இரண்டு லிட்டர் என்று எழுதியிருந்தால் இரண்டுதான், மூச்சு வாங்குகிறதே என்று நீங்களாகக் கூட்டாதீர்கள். நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்களுக்கு ஆக்சிஜன் அதிகமானாலும் ஆபத்து.

வசதி குறைந்தவர்கள் மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனாவைப் பற்றிக் கலெக்டர் ஆபீஸில் விசாரிக்கலாம். வாக்கர், சக்கர நாற்காலி, காது மெஷின் போன்றவற்றை முகாம் நடத்தி இலவசமாகத் தருகிறார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கவே இருக்கிறது, 2021-லிருந்து வீட்டுக்கே வருகிறார்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது அட்வான்ஸைப் பேரம் பேசுகிற நேரத்தில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெஷின் நின்றால் யார் வருவார்கள் என்று கேட்டு, அந்த ஆளின் போன் நம்பரைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தயங்குகிற கடை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், அதுதான் தெருவுக்குத் தெரு இருக்கிறதே.