கிளிநொச்சியில் 12 அறை விடுதியும் சாப்பாட்டுக் கடையும் நடத்துகிறேன். பிரதேச சபையின் குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை. குப்பையை என்ன செய்வது?

வண்டி தினமும் வந்தாலும் உங்கள் பிரச்சினை தீராது. விடுதிக் குப்பையில் பாரமும் நாற்றமும் குசினிக் கழிவில்தான். அது வளவைத் தாண்டவே தேவையில்லை. உங்களுக்குப் பின்வளவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

வாசலில் மூன்று நிறத் தொட்டி வைத்துப் படம் எடுத்துப் போடுவதால் எதுவும் நடக்காது. குப்பை விழுகிற இடத்திலேயே பிரிக்க வேண்டும். வெட்டுமேசைக்குக் கீழே ஒரு வாளி: மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை. கோப்பை கழுவும் இடத்தில் இன்னொன்று: மிச்சச் சோறு, கறி. மீன், இறைச்சிக் கழிவுக்கு மூடியுள்ள மூன்றாவது வாளி. ஒன்றாய்க் கலந்துவிட்டால் பிறகு யாரும் கைவைத்துப் பிரிக்கமாட்டார்கள். உங்கள் வேலையாட்களும்தான்.

முதல் வாளியைப் பசளையாக்குங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றர் வருமாறு கல்லை இடைவெளி விட்டு அடுக்குங்கள். அதைவிடச் சிறிதானால் சூடு நிற்காது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பொச்சும் சுள்ளியும் போட்டால் காற்று உள்ளே போகும். அதற்குமேல் ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு வாளி வைக்கல் அல்லது சருகு, இடையிடையே கொஞ்சம் மாட்டெரு. வைக்கலை நறுக்கிப் போடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். ஓடினால் ஈரம் கூட, ஒன்றும் கசியாவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். நடுவே இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து இழுத்தால் கை வைக்க முடியாத சூடு தெரிய வேண்டும். 55 பாகையைத் தாண்டி மூன்று நாளாவது நின்றால் களைவிதையும் கிருமியும் பெரும்பாலும் அழியும். சூடு இறங்கியதும் புரட்டிவிடுங்கள். சோளகக் காற்றில் குவியல் காய்ந்து அப்படியே நின்றுவிடும், கிடுகால் மூடுங்கள். மாரியில் தகரக் கூரை கட்டாயம். நனைந்து காற்றுப் போகாமல் அழுகினால்தான் நாற்றம் வரும், பசளையாக்குவதால் இல்லை. அயலவர் முறைப்பாடு செய்வார் என்று பயப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

சமைத்த மிச்சத்தை அதில் கொட்டாதீர்கள். எண்ணெய் காற்றை அடைக்கும், சோறு கட்டிபட்டுப் புளிக்கும், கறியின் உப்பு வருடத்தில் பாதி மழை காணாத எங்கள் மண்ணில் தங்கிவிடும். பன்றி வளர்ப்பவருக்குக் கொடுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்காக நாடு முழுவதையும் நோய்ப் பிரதேசமாக அறிவித்தார்கள். உணவு மிச்சமும் அந்த நோய் பரவும் ஒரு வழி. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பன்றி இறைச்சி துளியும் கலக்கக்கூடாது, கொதிக்கவைத்து ஒரு மணித்தியாலம் கிளறியபிறகே கொடுக்க வேண்டும். அதைவிட, எந்தப் பாத்திரம் தினமும் மிச்சத்தோடு திரும்புகிறது என்று தராசில் நிறுத்து எழுதிவைத்தால் அடுத்த கிழமையே அரிசியைக் குறைக்கலாம். மீன் குடலைச் சூடான குவியலின் நடுவில் ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். மேலாகப் போட்டால் நாய் கிளறும்.

கழுவும் தண்ணீருக்கு மூன்று அறை எண்ணெய்ப்பொறி, அதாவது கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் தொட்டி, வேண்டும். வெளியேறும் குழாயின் வாய் கீழ்நோக்கி நீருக்குள் ஆழ்ந்திருக்க வேண்டும். மேல்மட்டத்தில் வைத்தால் மிதக்கும் கொழுப்பு அப்படியே போய் மலக்குழியை அடைக்கும். கொதிதண்ணீர் ஊற்றினாலும் கொழுப்பு உருகித் தப்பிவிடும். மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் படியும் மண்டியும் சேர்ந்து ஆழத்தில் காற்பங்கு வந்தவுடன் அள்ளுங்கள். பொரித்த எண்ணெயை வடித்து ஒரு கலனில் சேர்த்து வையுங்கள்.

போத்தல், தகரம், மட்டை எல்லாம் பழைய இரும்புக்காரர் எடுப்பார். மிச்சம் பொலித்தீன். 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சம்பூப் பைக்கற்றுகளுக்கு 2021 மார்ச் 31 முதல் தடை. அறைக்கு அழுத்தி எடுக்கும் போத்தல் வையுங்கள். பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டுக்கு 2023 ஒக்ரோபர் 1 முதல் தடை, பிரம்புத் தட்டு நன்றாகவே வேலை செய்யும்.

எரிக்க மட்டும் எரிக்காதீர்கள். "எல்லாரும் செய்யினம்தானே" என்று பதில் எழுத வருகிறவர்களுக்கு: திறந்த தீயில் பிவிசி பிளாஸ்ரிக் எரிந்தால் டையொக்சின் என்ற நஞ்சு வரும், அந்தப் புகை உங்கள் விருந்தினரின் அறைக்குள்தான் போகும். கறி ஒட்டிய பொலித்தீனைக் காட்டோரத்தில் எறிவதும் குற்றம். அம்பாறை பள்ளக்காட்டில் பிளாஸ்ரிக் தின்று யானைகள் செத்தன. மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கமும் யானை நடமாடும் காடுதான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: கலியாண மண்டபங்கள். 500 பேருக்குச் சமைத்து 300 பேர் வந்தால் மிச்சம் முழுக்க இரவோடிரவாக வாய்க்காலில். மண்டபத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே பசளைக்குவியல் எங்கே என்று சபை கேட்கலாம். கேட்பதில்லை. வண்டிக்காரரோடு சண்டை பிடிப்பதை விட்டு, உலர்ந்த குப்பையைக் கழுவிக் காயவைத்து உரப்பையில் கட்டி வையுங்கள். அது நாறாது, வண்டி வரும்வரை கிடக்கும்.