வாசகர் கேள்விகள்: தேசியவாதமும் போரும்

கேள்வி: தேசியவாதம் தோன்றுவதற்கு முன்பும் போர்கள் ஓயாமல் நடந்தன. அப்படியிருக்க, போருக்கு அதைக் காரணமாகச் சொல்வது பொருந்துமா?

பதில்: போர் மூள்வதற்கு அதுவே காரணம் என்றால் பொருந்தாது. நிலத்தாசை, வாரிசுரிமை, வணிகம், மதம் ஆகிய பழைய காரணங்களே போதுமானவையாக இருந்தன. யார் போரிடுகிறார்கள், போர் எப்படி முடிகிறது என்ற இரண்டையும்தான் தேசியவாதம் மாற்றியது.

அமெரிக்கக் குடியேற்றங்களின் கிளர்ச்சியை அடக்க, பிரிட்டன் ஜெர்மானியச் சிற்றரசர்களுக்குப் பணம் கொடுத்து ஏறத்தாழ 30,000 வீரர்களைப் பெற்றது; அவர்களுக்கு அந்தச் சண்டையில் எந்தப் பற்றும் தேவைப்படவில்லை. பின்னர் 1793 ஆகஸ்ட் 23 அன்று பிரெஞ்சுப் புரட்சி அரசு பிறப்பித்த ஆணையோ, இளைஞர்கள் போர்முனைக்குச் செல்ல வேண்டும், மணமான ஆண்கள் ஆயுதம் வடிக்க வேண்டும், பெண்கள் கூடாரமும் ஆடையும் தைக்க வேண்டும், முதியோர் பொதுவிடங்களில் வீரர்களுக்கு ஊக்கமும் மன்னர்கள் மீது வெறுப்பும் ஊட்ட வேண்டும் என்று ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் போருக்குள் இழுத்தது. வெறுப்பூட்டுவதும் ஆயுதம் வடிப்பதைப் போன்ற போர்ப்பணியாகவே அதில் வகுக்கப்பட்டிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த முறையை எதிரிகளும் கற்றுக்கொண்டனர். 1806-இல் யேனாவில் நெப்போலியனிடம் தோற்ற ஜெர்மானிய அரசான பிரஷ்யா, 1814-இல் கட்டாயப் படைச்சேவையைச் சட்டமாக்கியது.

கேள்வி: எல்லைப் பூசல்களில் அரசுகள் ஏன் விட்டுக்கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள மறுக்கின்றன?

பதில்: ஒரே நிலத்தின் இரு காலக் கதையைப் பார்ப்போம். போலந்தின் அரியணைக்காக நடந்த போரை முடித்துவைத்த 1738-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில், அரியணையை இழந்த ஸ்தானிஸ்லாவுக்கு, பிரான்ஸின் கிழக்கு எல்லையை ஒட்டிய லொரைன் தரப்பட்டது. அதன் கோமகனுக்கு ஈடாக இத்தாலியின் டஸ்கனி கிடைத்தது. 1766-இல் ஸ்தானிஸ்லாவ் இறந்ததும் லொரைன் பிரான்ஸுக்குச் சேர்ந்தது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அது அநீதிதான், ஆனால் பேரம் படிந்தது, போரும் முடிந்தது.

1871-இல் பிரான்ஸை வென்ற ஜெர்மனி, பக்கத்து அல்சாஸையும் லொரைனின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டபோது அப்படி முடியவில்லை. அந்த மண் தேசத்தின் உடலிலிருந்து வெட்டப்பட்டதாகவே பிரெஞ்சு மக்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பாரிஸில், அல்சாஸின் முக்கிய நகரான ஸ்ட்ராஸ்பூர்க்கைக் குறிக்கும் சிலைக்குத் துக்கத்தின் அடையாளமாகக் கறுப்புத் துணி அணிவித்தனர். முதல் உலகப் போரின் நடுவே, 1917-இல், ஆஸ்திரியப் பேரரசர் கார்ல் சமாதானம் தேடி எழுதிய ரகசியக் கடிதத்தில் அந்த மண்ணுக்கான பிரான்ஸின் கோரிக்கை நியாயமானது என்று ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு அது வெளியானதும் அவர் தம் கூட்டாளியான ஜெர்மனியிடம் தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. மன்னர் இழந்தால் அது அவருடைய நட்டம். தேசத்தின் பெயரால் பல லட்சம் பேரைப் பலிகொடுத்த அரசு விட்டுக்கொடுத்தாலோ, இறந்தவர்களுக்கே துரோகம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்படும். ஆகவே இழப்பு கூடக்கூடச் சமரசம் எளிதாவதற்கு மாறாகக் கடினமாகிறது.

கேள்வி: தேசிய உணர்வு பொங்கியும் போர் மூளாத நிகழ்வு உண்டா?

பதில்: உண்டு. 1905-இல் ஸ்வீடனிடமிருந்து நார்வே பிரிந்தபோது இரு தரப்பிலும் படைகள் திரட்டப்பட்டன. பிரிவினைக்கு எதிராக நார்வேயில் விழுந்த வாக்குகள் வெறும் 184. எனினும் கார்ல்ஸ்டாட் நகரில் பேசி முடித்தார்கள். எல்லையோரக் கோட்டைகள் சிலவற்றை இடிக்கவும் நார்வே ஒப்புக்கொண்டது. இதற்கு அவர்களுடைய நற்பண்பை மட்டும் காரணமாக்க மாட்டேன். எல்லை பழையது, தெளிவானது. ஒரு தரப்பின் மக்கள் மறுதரப்பின் நிலத்தில் பெருந்தொகையாக வாழவில்லை. 1990-களில் போரில் சிதறிய யூகோஸ்லாவியாவில் அந்தத் தெளிவு இல்லை. அதன் ஒரு பகுதியான போஸ்னியாவின் பல ஊர்களில் போஸ்னிய முஸ்லிம்கள், செர்பியர்கள், குரோஷியர்கள் என மூன்று சமூகத்தினரும் அக்கம்பக்கத்தில் குடியிருந்ததால், எந்தக் கோடு வரைந்தாலும் அது யாரோ ஒருவரின் வீட்டைத் தவறான பக்கத்தில் விட்டிருக்கும்.